பொள்ளாச்சி – வால்பாறை மலைச்சாலை: ஒரு மதிப்புரை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை வரையுள்ள ஏறத்தாழ 64 கிலோமீட்டரை இரண்டு தனித்தனிச் சாலைகளாகக் கொள்வதே பொருத்தம். ஆழியாறு வரை தென்னந்தோப்புகளின் நடுவே செல்லும் சமவெளிப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அணையை ஒட்டியுள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியில் நெகிழிப் பைகள் இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்பிய பிறகுதான் மாநில நெடுஞ்சாலை 78 தன் குணத்தைக் காட்டத் தொடங்குகிறது.

மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9/40, 10/40 என்று வளைவுதோறும் எண் எழுதியிருப்பது சிறிய ஏற்பாடுதான். ஆனால் தலைசுற்றும் குழந்தையை மடியில் வைத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. இச்சாலையில் நான் முதலில் பாராட்டுவது காட்சிகளை அல்ல, ஏற்றத்தின் சீரைத்தான். மலையை நேராக முட்டி ஏறாமல், சரிவின் மீது முன்னும் பின்னுமாக இழுத்து நீளத்தைக் கூட்டியிருப்பதால், ஆள் நிரம்பிய அரசுப் பேருந்தும் திணறாமல் ஏறிவிடுகிறது. பழகிய ஓட்டுநர் வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, வெளிவிளிம்பு வரை வண்டியை அகலமாக எடுத்து, நிறுத்தாமல் ஒரே வீச்சில் திருப்புவதை முன் இருக்கையிலிருந்து பார்க்க வேண்டும்.

ஒன்பதாவது வளைவுக்கு லோம்ஸ் வியூ என்று பெயர். சாலையை அமைத்த பொறியாளர் லோமின் நினைவாக வந்த பெயர் அது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் தெரியும். பக்கத்துப் பாறைச் சரிவில் வரையாடுகள் மேய்வதையும் பெரும்பாலும் காணலாம். ஆனால் அந்த லோம் யார் என்று சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. பெயரை வைத்துக்கொண்டு ஆளை மறந்துவிட்டது பெருங்குறை.

இந்தப் பாதையின் வரலாறு தோட்டங்களின் வரலாறே. முதலில் காப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் காடு திருத்தப்பட்டபோது, ஆளும் அரிசியும் மேலே ஏறவும் விளைச்சல் கீழே இறங்கவும் வழி தேவைப்பட்டது. 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசரின் வேட்டைக்காக இங்கே பாதை வெட்டப்பட்டதாகவும், கடைசியில் அவர் வராமலே போனதாகவும் ஊரில் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த தோட்டக்காரர் கார்வர் மார்ஷ், பலகைகூட இல்லாத லோமோடு ஒப்பிட்டால் கொடுத்துவைத்தவர். கவர்க்கல்லில் சாலையோரமாகவே அவருக்குச் சிலை இருக்கிறது.

அட்டகட்டியைத் தாண்டிய பின் காடு விலகித் தேயிலை தொடங்குகிறது. வால்பாறைக்கு அருகில் புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் வண்டிச் சக்கரத்தில் சிக்காமலிருக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் வார்ப்பட்டைகளை இழுத்துக் கட்டிப் பாலம் அமைத்திருக்கிறார்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் சாலையில் மிகவும் பயனுள்ள கட்டுமானம் இதுவே என்பேன். அதன் அடியிலேயே வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குத் தின்பண்டம் நீட்டுவோர் அதன் பயனைக் கெடுக்கிறார்கள்.

புதிதாக ஓட்டி வருபவர்கள், மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்ற விதியைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறிய கியரிலேயே இறங்குவது நல்லது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவும் மூடுபனியும் உண்டு என்பதால், அந்த மாதங்களில் வெளிச்சம் இருக்கும்போதே ஆழியாற்றுக்கு இறங்கிவிடுமாறு திட்டமிட வேண்டும்.