20 லிட்டர் கேன்: தண்ணீரை விட மூடியும் பம்பும்தான் கவலை

சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, ஓ.எம்.ஆர். பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாக உப்பு படியும். அங்கே கேன் இல்லாமல் குடித்தனம் நடக்காது. நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்க, சமைக்க என்று இரண்டு நாளைக்கு ஒரு கேன் ஆகும். கேன் 40 ரூபாய் என்றால் மாதம் 600 ரூபாய். லிஃப்ட் இல்லாத மாடிக்குத் தூக்கி வருபவர் ஐந்தோ பத்தோ கூடக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். ஒரு கேன் 20 கிலோ கனம்.

சுத்திகரிப்பில் பெரிய குறை சொல்வதற்கில்லை. ஆர்.ஓ. (உப்பை வடிகட்டுவது), யு.வி. (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்வது), ஓசோன் (கிருமியைக் கொல்லும் வாயு) மூன்றும் ஒழுங்காக ஓடும் ஆலையிலிருந்து வரும் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் ஓசோன் சீக்கிரமே இல்லாமல் போய்விடும். மெட்ரோ வாட்டரில், அதாவது அரசுக் குழாய்த் தண்ணீரில், இருக்கிற மாதிரி குளோரின் மிச்சம் இதில் இருக்காது. அதனால் மூடியைத் திறந்த பிறகு உள்ளே போகும் கிருமியைத் தடுக்க ஒன்றுமே இல்லை. திறந்த கேனை மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

அடுத்த கோளாறு பம்ப். தட்டினால் தண்ணீர் வரும் அந்த சார்ஜ் பம்பின் ரப்பர் குழாய் எப்போதும் ஈரமாகவே கிடக்கிறது. கழுவாமல் விட்டால் உள்பக்கம் வழவழவென்று படியும், கொஞ்ச நாளில் கறுக்கும். எத்தனை நல்ல கம்பெனி கேன் போட்டாலும் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகத்தானே டம்ளருக்கு வருகிறது! வாரம் ஒருமுறை 5 லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து, பம்பை அதில் ஓடவிட்டு, பத்து நிமிடம் குழாயை ஊறவையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை ஓடவிடுங்கள். மோட்டார் தலையை மட்டும் நனைக்கக் கூடாது. கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சருக்கும் இதே வைத்தியம்தான். அதோடு, கவிழ்க்கும் முன் கேனின் கழுத்தைத் துடைக்க வேண்டும். கடைக்காரர் கை படுவதும், தரையில் உருள்வதும் அந்தக் கழுத்துதான்.

கேனை வாங்கும்போதே வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியில் பச்சை படிந்திருந்தால் வெயிலில் கிடந்த கேன். உள்பக்கம் கீறல் கீறலாக இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் அழுக்கு அந்தக் கோடுகளிலேயே தங்கும். மூடி இழுத்துக் கிழிக்கிற மாதிரி இருக்க வேண்டும். விரலால் நெம்பியதும் வந்துவிட்டால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மூடியில் ஒரு பெயர், கேனில் வேறு பெயர் என்று வருவது சென்னையில் சகஜம். காலி கேன்கள் கம்பெனி மாறிச் சுற்றுகின்றன. அப்படி வந்தால் யார் நிரப்பியது என்றே தெரியாது, வாங்காதீர்கள்.

2024 அக்டோபரில் பாட்டில், கேன் தண்ணீருக்குக் கட்டாய ஐ.எஸ்.ஐ. சான்று நீக்கப்பட்டது. அடுத்த மாதமே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) இதை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும் என்றது. ஆகவே இப்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையை மட்டும் தேடினால் போதாது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, பேட்ச் எண் மூன்றும் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தேதி இல்லாத கேன் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 500-க்கு மேல் காட்டினால் ஆர்.ஓ. சரியாக ஓடவில்லை என்று அர்த்தம். 30 காட்டினால் உப்பெல்லாம் போய்ச் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா என்று அந்த மீட்டர் சொல்லவே சொல்லாது.

மெட்ரோ வாட்டர் ஒழுங்காக வருகிற தெருவில், சம்ப்பை (தரையடித் தொட்டியை) ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிற வீட்டில், கேன் தேவையே இல்லை. கொதிக்கவைத்து மண்பானையில் ஊற்றிக்கொண்டால் போதும். ருசியும் இதைவிட நன்றாக இருக்கும். வாங்கிய கேனில் நாற்றமோ தூசியோ இருந்தால் திருப்பிக் கொடுக்கும் முன் மூடி, லேபிள், தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்புங்கள். கேன் கைமாறிவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.