மணிக்கட்டு வலிக்குச் செங்குத்து மவுஸ்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

புத்தகப் பக்க வடிவமைப்பு என் தொழில் என்பதால், வேலை நேரத்தின் பெரும்பகுதி வலது கை மவுஸின் மேல்தான் கழிகிறது. சாதாரணத் தட்டை மவுஸை விட்டு, கைகுலுக்குவதுபோல் பிடிக்கும் செங்குத்து மவுஸுக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த வகைப் பொருளுக்கு வாங்கிய முதல் வாரத்து மதிப்புரை பெரிதாகப் பயன்படாது. ஓரிடத்தில் வலி குறைவதும், வேறோரிடத்தில் புதிதாகக் கிளம்புவதும் மாதக்கணக்கில் பயன்படுத்திய பிறகே தெரிய வருகின்றன.

தட்டை மவுஸில் கை மூன்று வகையில் சிரமப்படுகிறது. உள்ளங்கை தரையைப் பார்த்துக் கவிழும்போது முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் குறுக்கே திரும்பி நிற்கிறது. மேசை விளிம்பில் ஊன்றிய மணிக்கட்டு பின்புறமாக மடிகிறது. சுட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கை சுண்டுவிரல் பக்கம் ஒடிந்தாற்போல் சாய்கிறது. கைகுலுக்க நீட்டும் நிலைக்குக் கையைக் கொண்டுவரும் செங்குத்து வடிவம் முதல் சிரமத்தை வெகுவாகவும் மூன்றாவதை ஓரளவும் குறைக்கிறது. இரண்டாவது சிரமமோ மவுஸின் வடிவத்தைவிட மேசையின் உயரத்தையும் நாம் கையை வைக்கும் விதத்தையுமே பொறுத்தது. விளம்பரங்கள் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வதில்லை.

கார்ப்பல் டனல் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது மருந்து என்று கடைகளில் சொல்லப்படுவதை நான் ஏற்கமாட்டேன். கார்ப்பல் டனல் என்பது மணிக்கட்டின் உட்புறத்தில் உள்ள ஒரு குறுகிய வழி; அதில் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பும் நெருக்கியடித்துச் செல்கிறது. அங்கே அழுத்தம் கூடினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப்போகின்றன. அத்தகைய நோயாளிகளிடம் செய்யப்பட்டு, 'அப்ளைடு எர்கனாமிக்ஸ்' இதழில் 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், செங்குத்து மவுஸ் மணிக்கட்டின் பக்கவாட்டுச் சாய்வைக் குறைத்தது. ஆனால் அந்த வழியின் உள்ளழுத்தத்தைக் குறைக்கவில்லை. என் வலி முன்கையின் மேற்புறத் தசையில் இருந்ததால் எனக்குப் பலன் கிடைத்தது என்றே கருதுகிறேன். இரவில் விரல் மரத்து விழித்துக்கொள்பவர்கள் மவுஸ் வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

தேர்ந்தெடுக்கும்போது பலரும் சாய்வுக் கோணத்தையே ஒப்பிடுகிறார்கள்; நான் கையின் அளவை முதலில் பார்க்கச் சொல்வேன். லாஜிடெக் நிறுவனத்தின் எம்எக்ஸ் வெர்டிக்கல் (2018), லிஃப்ட் (2022) ஆகிய இரண்டுக்கும் கோணம் அதே 57 டிகிரிதான். ஆனால் முன்னது பெரிய கைக்கும், பின்னது சிறிய, நடுத்தரக் கைகளுக்கும் செய்யப்பட்டவை. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து பார்த்து, 19 சென்டிமீட்டருக்குள் இருந்தால் லிஃப்ட் பொருந்தும். நான் முதலில் பயன்படுத்திய பெயரறியா மலிவு மவுஸ் என் கைக்குப் பெரிதாக இருந்தது. பொத்தானை எட்ட விரல்களை நீட்டியே வைத்திருக்க நேர்ந்ததால், கோணம் சரியாக இருந்தும் வலி குறையவில்லை. இப்போது கையில் இருப்பது லிஃப்ட். 125 கிராம் எடை, ஓசை அடங்கிய க்ளிக், ஒரேயொரு ஏஏ பேட்டரி. பேட்டரியைப் பற்றி நான் நினைப்பதே அபூர்வம். இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இதில் தனி வடிவம் உண்டு. எம்எக்ஸ் வெர்டிக்கலில் அது இல்லை.

இனிச் சொல்பவை செங்குத்து வடிவம் எதற்கும் பொதுவானவை. க்ளிக் செய்யும் விசை கீழ்நோக்கிச் செல்லாமல் பக்கவாட்டில் செல்வதால், மவுஸ் நழுவாதிருக்கக் கட்டைவிரல் எதிர்ப்புறம் அழுத்த வேண்டியிருக்கிறது. இந்தப் பிடியை இறுக்கமாக வைத்துக்கொள்பவர்களுக்கு மணிக்கட்டு வலி போய்க் கட்டைவிரல் வலி வரும். மெல்லிய கோடுகளை இழுப்பது, ஓர் எழுத்தை மட்டும் துல்லியமாகத் தேர்வது போன்ற வேலைகளில் தட்டை மவுஸின் நுட்பம் இன்றுவரை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சுட்டியின் வேகத்தைக் குறைத்து, விரலுக்குப் பதிலாக முழங்கையிலிருந்து நகர்த்தப் பழகியதில் பாதி மீண்டது. கீபோர்டிலிருந்து கையை விரைவாகக் கொண்டுவரும்போது மவுஸைத் தட்டிச் சாய்ப்பதும் நடக்கும். சென்னை வெயிலில் உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரம் வியர்த்து மேசையில் ஒட்டிக்கொள்வதற்கு, முன்கை வரை நீளும் பெரிய துணி விரிப்பே தீர்வாயிற்று.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தோள்பட்டை. மணிக்கட்டு ஓய்வெடுக்கத் தொடங்கியதும் அந்த வேலை முழுவதும் மேல்கைக்கும் தோளுக்கும் போய்ச் சேர்ந்தது. சில மாதங்களில் வலது தோள் கனக்கத் தொடங்கியது. காரணம் மவுஸ் அன்று, அது இருந்த இடம். முழு அளவுக் கீபோர்டின் வலது ஓரத்தில் உள்ள எண் பகுதி மவுஸை வெளிப்புறமாகத் தள்ளிவிடுகிறது; கை உடலை விட்டு விலகியபடியே நாள் முழுவதும் தொங்குகிறது. எண் பகுதி இல்லாத கீபோர்டுக்கு மாறியதில் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் மிச்சமாயிற்று, மவுஸும் தோளுக்கு நேராக வந்தது. அடுத்தது உயரம். வீட்டில் வேலை செய்யும் நம்மில் பலருக்குச் சாப்பாட்டு மேசையே அலுவலக மேசை. அதன் முன் சாதாரண நாற்காலியில் அமர்ந்தால் முழங்கை மேசைப் பரப்பைவிடத் தாழ்ந்து தோள் தூக்கி நிற்கிறது. நாற்காலியை உயர்த்திக் காலுக்கடியில் பலகை வைத்த பிறகு, முழங்கை மேசை மட்டத்துக்கு வந்தது. பணம் குறைவாக இருப்பவர்கள் மவுஸை மாற்றுவதற்கு முன் இந்த இரண்டையும் மாற்றிப் பார்க்கலாம் என்பதே என் துணிபு.

மவுஸை நகர்த்தாமல் அதிலுள்ள பந்தை உருட்டிச் சுட்டியை நகர்த்தும் டிராக்பாலைப் பற்றியும் ஒரு சொல். மேசையில் இடமே இல்லாதவர்களுக்கும் தோளை அசைக்க முடியாதவர்களுக்கும் அது மேலானது. ஆனால் லாஜிடெக்கின் எம்575 போன்றவற்றில் பந்தை உருட்டுவது கட்டைவிரல் ஒன்றே. ஏற்கெனவே கட்டைவிரல் அடியில் வலியுள்ளவர்கள், குறிப்பாகக் கைப்பேசியில் ஓயாது தட்டச்சு செய்பவர்கள், பல விரல்களால் உருட்டும் கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ் போன்ற நடுப்பந்து வகையைப் பார்ப்பது நல்லது.

தட்டை மவுஸை நான் தூக்கி எறியவில்லை. நுணுக்கமான படத் திருத்தங்களுக்கு அதை எடுத்துக்கொள்கிறேன். மின்னஞ்சல், இணைய வாசிப்பு போன்ற சில்லறை வேலைகளுக்கு அதையே இடப்பக்கம் வைத்து இடக்கையால் இயக்குகிறேன்.