செங்கலடியால் மலைக்கு: மட்டக்களப்பிலிருந்து ஒரு பைக் பயணம்

லண்டனிலிருந்து வருகிற மட்டக்களப்பார் மலைநாடு பார்க்கிற முறை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். கட்டுநாயக்காவில் இறங்கியதும் ஒரு வான், கண்டி, நுவரெலியா, அப்புறம் களைத்து விழுந்து ஊர். பிள்ளைகள் வளைவுக்கு வளைவு சத்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்வார்கள். ஊரிலிருந்தே மலைக்கு ஒரு வீதி நேராகப் போகிறது, அதுவும் நல்ல வீதி என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. வரைபடத்தில் ஏ5, பேராதனை–பதுளை–செங்கலடி வீதி. நமக்குப் பதுளை வீதி. திருகோணமலை வீதியால் செங்கலடிக்குப் போய் இடப்பக்கம் திரும்பினால் கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. காலையில் வெளிக்கிட்டால் பின்னேரத் தேத்தண்ணி மலையில்.

நினைவில் வராததற்குக் காரணமும் இருக்கிறது. செங்கலடியைத் தாண்டியதும் வரும் கறுத்தப்பாலம் யுத்த காலத்தில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் எல்லையாக இருந்தது. 2007 வரை அதற்கு அப்பால் போவதென்றால் சோதனை, வரிசை, விசாரணை. என் வயதுக்காரர் பலர் அந்தப் பாலத்துக்கு அங்கால் பார்க்காமலே வெளிநாடு போனவர்கள். நான் பைக்கில் போகப் போகிறேன் என்றதும் மாமா கேட்டது, “பதுளை வீதியாலயா மனே? வான் ஒண்டு பிடிச்சுத் தரட்டா?” யானைக்குப் பயந்தாரா பழைய நினைவுக்குப் பயந்தாரா என்று நான் கேட்கவில்லை.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்த கையோடு, 2025 ஜூலைக் கடைசியில் போனோம். ஓட்டியது நான், பின்னால் மச்சான். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பத்திரங்கள், ஏனென்றால் இந்தப் பயணத்தில் ஆகக் கடினமான ஏற்றம் அதுதான்.

பிரித்தானிய லைசென்ஸை மட்டும் காட்டி இலங்கையில் ஓட்ட முடியாது. 1949 உடன்படிக்கைக்குரிய சர்வதேச அனுமதிப்பத்திரம் வேண்டும். 1968 என்று இன்னொரு வகையும் இருக்கிறது, அதை வாங்கிவிடாதீர்கள். 2024 ஏப்ரலிலிருந்து இதைத் தபாலகம் தருவதில்லை, பேபாயிண்ட் கடைகளில் எடுக்க வேண்டும். ஐந்தரைப் பவுண், ஒரு படம், கையோடு தருவார்கள். உங்கள் லைசென்ஸில் மோட்டார் சைக்கிள் பிரிவு முழுமையாக இருக்க வேண்டும். சிபிடி என்கிற ஆரம்பப் பயிற்சிச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு லண்டனில் சாப்பாடு டெலிவரி செய்கிற தம்பிமாருக்கு இது கிடையாது. அங்கே நாள் முழுக்க ஓட்டினாலும் இங்கே அவர்கள் லைசென்ஸ் இல்லாத ஆள்தான்.

இதோடு முடியவில்லை. சர்வதேசப் பத்திரத்தைக் கொழும்பில் ஏஏ என்று சொல்கிற இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் காட்டி, அங்கீகாரப் பத்திரம் ஒன்று எடுக்க வேண்டும். அலுவலகம் கொழும்பு 3, காலிமுகத்திடலுக்குக் கிட்ட. மட்டக்களப்புக்கு வந்த பிறகு இதற்காக மட்டும் உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போய்வருவது வீண் அலைச்சல். இறங்கிய அன்றோ மறுநாளோ, வேலை நாளாகப் பார்த்து முடித்துக்கொண்டு ஊருக்கு ஏறுங்கள். கடவுச்சீட்டு, லைசென்ஸ், சர்வதேசப் பத்திரம் எல்லாவற்றிலும் போட்டோக்கொப்பி கொண்டுபோனால் அலுவல் கெதியாக முடியும். கருமபீடத்தில் இருந்தவர் தமிழில் பேசினார், மரியாதையாகவும் பேசினார். நான் திரும்பிய பிறகு, ஆகஸ்டில், விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக லைசென்ஸ் கொடுக்கும் கருமபீடம் திறந்தார்கள். கார்காரருக்கு வசதிதான். பைக் ஓட்டப் போகிறவர்கள் காசு கட்டுமுன் எந்த வாகன வகுப்பைப் பதிகிறார்கள் என்று கேளுங்கள்.

இதெல்லாம் யாருக்கு, ஊரில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்கிற உறவினர் எல்லா வீட்டிலும் இருப்பார். பொலிஸ் பார்க்காமல் விடலாம். விழுந்தால் காப்புறுதிக்காரன் பார்ப்பான். பல பயணக் காப்புறுதிகளில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். செல்லுபடியான லைசென்ஸும் தலைக்கவசமும் இல்லாவிட்டால் வைத்தியச் செலவில் ஒரு சதமும் வராது. அந்தச் சின்ன எழுத்துகளை வீட்டில் இருக்கும்போதே வாசித்துவிடுங்கள்.

இனி வண்டி. அறுகம்பையில் ஸ்கூட்டர் வாடகைக்கடை வரிசையாக இருக்கும், அங்கே வருகிற அலைச்சறுக்குக்காரரை நம்பி நடக்கிற தொழில். மட்டக்களப்பில் அவ்வளவு இல்லை. இணையத்தில் 150 சிசி பைக் பதிவு செய்திருந்தேன். வந்து நின்றது பழைய ஸ்கூட்டர். “இதுவும் மலை ஏறும் சேர்” என்றார்கள். ஏறும், ஒரு ஆளோடு. இரண்டு பேரும் பையுமாக லுணுகலை ஏற்றத்தில் அது முனகும். அதைவிட மோசம் இறக்கம்: ஸ்கூட்டரில் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தை அடக்க முடியாது, பெரும் பாரம் பிரேக்கில்தான் விழும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். முற்பணம் வந்து சேர இரண்டு கிழமை ஆனது.

மச்சானுக்குத் தெரிந்த கராச்காரர் ஒருவர் மூலம் ஒரு பல்சர் 150 கிடைத்தது, நாளுக்கு மூவாயிரம் ரூபாய். கொடுத்தவர் வெயிலில் நிறுத்திவிட்டு, “பாருங்க தம்பி, ஆறுதலாப் பாருங்க” என்று தள்ளிப்போய் இருந்துகொண்டார். எனக்குப் பிடித்துவிட்டது. பின் டயர் நடுவில் வழுக்கையாக இருந்தது. தட்டையான ஊர் வீதியில் நேராகவே ஓடுகிற பைக்கெல்லாம் இப்படித்தான் நடுவில் தேயும். மாற்றித் தரச் சொன்னேன், முகம் சுளிக்காமல் மாற்றினார். செயின் தொங்கியது, இறுக்கினார். பின்னால் இருப்பவருக்கான தலைக்கவசத்தின் பட்டி கொளுவவில்லை. அதற்கு மட்டும் அவர் சிரித்தார், “ஊருக்குள்ள சும்மா வைக்கிறதுதானே.” இரண்டு பேருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பது அவருக்கும் தெரியும். மச்சானுக்குக் கடையில் புதிதாக ஒன்று வாங்கினோம்.

வண்டியோடு வருமான அனுமதிப்பத்திரமும் (வருடாந்த வாகன வரிப் பத்திரம்) காப்புறுதி அட்டையும் வர வேண்டும், இரண்டின் திகதியையும் பாருங்கள். காப்புறுதி வாடகைப் பாவனைக்குப் பொருந்துமா என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள். சொந்தப் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதியில் வாடகை வண்டி ஓடினால், விபத்தென்று வரும்போது நிறுவனம் கையை விரிக்கும். கடவுச்சீட்டை ஈடாகக் கேட்டால் கொப்பியும் காசும் கொடுங்கள், புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். வண்டியை நாலு பக்கமும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்பதில் வீட்டில் பெரிய வாக்குவாதம். வெயில் ஏறுமுன் விடிய நாலு மணிக்கே போ என்றார் மாமி. அந்த நேரம் புல்லுமலைப் பக்கம் வீதி யானையுடையது. செங்கலடியைத் தாண்டுவது ஏழு மணிக்குப் பிறகு, காட்டுப் பகுதியை விட்டு வெளியேறுவது பின்னேரம் ஐந்துக்கு முன் என்று கணக்குப் போட்டேன். மலையில் மதியத்துக்குப் பிறகு மழையோ மூட்டமோ வரலாம், அதனால் ஏற்றத்தையும் மதியத்தோடு முடிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் கிடைக்கிற நேரம் தாராளமாகப் போதும், எல்லா இடத்திலும் இறங்கிப் படம் எடுக்காவிட்டால்.

மாதம் முக்கியம். மார்கழி, தையில் வருகிறவர்கள் இந்தப் பயணத்தை மறந்துவிடலாம். வடகீழ்ப் பருவமழை கிழக்கிலும் கொட்டும், ஊவா மலையிலும் கொட்டும், மண்சரிவு எச்சரிக்கை வரும் காலம் அது. ஆனி முதல் ஆவணி வரை நல்லது. அப்போது மட்டக்களப்பில் கச்சான் காற்று முகத்தில் நெருப்பை அள்ளிப் போடும். அதே காற்று ஊவாத் தேயிலைக்கு வரம். ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் அந்த வரண்ட காற்றில் எடுக்கிற கொழுந்துக்குத்தான் ஊவாவின் பேர் பெற்ற வாசம். தேயிலைத் தொழிற்சாலைகளைக் கடந்து போகும்போது தலைக்கவசத்துக்குள்ளேயே அந்த மணம் வரும்.

கரடியனாறு, உறுகாமம், புல்லுமலை எல்லாம் நீளமான, வெளிச்சமான வீதி. வேகம் தானாகவே கூடும், குறைத்துக்கொள்ளுங்கள். மாடுகள் கூட்டமாகக் குறுக்கே வரும், மேய்க்கிறவர் பின்னால் வருவார் என்ற உத்தரவாதம் இல்லை. பெற்றோல் செங்கலடியிலேயே நிரப்பிவிட்டேன், பிபிலையில் மறுபடி. மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. அந்த வெயிலில் வெந்நீரில் குளிக்கிற ஆசை எங்களுக்கு இல்லை, விட்டுவிட்டோம். அங்கிருந்து சிங்களம்தான். மச்சான் சமாளித்தான், நான் சிரித்துச் சமாளித்தேன். ஒரு சோதனைச் சாவடியில் மறித்த பொலிஸ்காரர் ஏஏ பத்திரத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், போகச் சொன்னார். அரை நிமிடம். பிபிலை, தோடம்பழத்துக்குப் பேர் போன இடம். வீதியோரத்தில் வாங்கித் தின்றோம், பச்சைத் தோலைப் பார்த்துப் புளிக்கும் என்று நினைக்காதீர்கள்.

பிபிலைக்குப் பிறகு வீதி மடியத் தொடங்கும். லுணுகலைக்குக் கிட்ட பின்பக்கம் ஆடியது: ஆணி. தள்ளிக்கொண்டு போன தூரம் அதிகமில்லை. கடை என்று சொல்ல ஒரு தகரக் கூரையும் கம்பிரசரும். அந்தத் தம்பி குறட்டால் ஆணியைப் பிடுங்கினார், ஓட்டையை அரத்தால் உரசினார், பசை பூசிய இறப்பர் நாரை ஊசியில் கோத்துக் குத்தி இறக்கினார், மிச்சத்தைப் பிளேட்டால் வெட்டினார், எச்சிலைத் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். வரவில்லை. ஐந்நூறு ரூபாய். கேட்காமலே முன் டயருக்கும் காற்றுப் பார்த்தார். முற்பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு குறுஞ்செய்திக்குப் பதில் போடாத கம்பெனியை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அக்கா ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டதும் திரும்பினார். “மட்டக்களப்பா தம்பி? நேத்து காலையிலதான் உங்க ஊரு மீன் வண்டி வந்துச்சு. பாரை மீனு.” தோட்டத்துத் தமிழில் அவர் பேச, மட்டக்களப்புத் தமிழில் மச்சான் பதில் சொல்ல, பிளேன்டீ இரண்டாவது கோப்பைக்குப் போனது. பசறை வீதியில் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். 2021 மார்ச்சில் 13ஆம் மைலருகே பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 14 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது யாரும் சொல்லாமலே வேகம் குறையும். பொதுவாக அந்த வளைவுகளில் உள்பக்கத்தை வெட்டி எடுக்காதீர்கள். உங்கள் பக்கத்தை விடாமல் ஓட்டி ஹோர்ன் அடியுங்கள், ஏறி வருகிற பஸ்ஸுக்கு நின்று வழி விடுங்கள்.

பசறையைத் தாண்டும்போது 2,036 மீட்டர் நமுனுகுல இடப்பக்கம் எழுந்து நிற்கும். இந்தப் பயணத்தில் ஆக அழகான பகுதி எது என்று கேட்டால் லுணுகலைக்கும் பதுளைக்கும் இடைப்பட்டது என்பேன், எல்ல அல்ல. எல்லவில் படுத்தோம். ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடித்தது, பார்க்க வேண்டியதுதான், ஆனால் பாலத்தைவிடப் போனைப் பிடித்த கைகள்தான் கூட. சாப்பாட்டு அட்டையில் பீட்சா முதல் பக்கம், சோறும் கறியும் கடைசிப் பக்கம். படுக்கை மலிவாக வேண்டுமென்றால் பதுளையிலேயே நில்லுங்கள்.

வந்த வழியே திரும்பாமல் எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கினோம். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இருநூறுக்குக் கிட்ட, முப்பது கிலோமீட்டருக்குள். இரண்டாம் கியரில் விட்டால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கலாம். இராவணன் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் குரங்குகள் பையைத் திறக்கும். வெல்லவாயவிலிருந்து ஏ4 வீதி: மொனராகலை, சியம்பலாண்டுவை. அங்கே இரண்டு வழி. நேரே போனால் லாகுகலைக் காட்டால் பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை. இடப்பக்கம் போனால் அம்பாறை. லாகுகலையும் யானைக் காடுதான். நேரம் இருந்ததால் பொத்துவிலால் வந்தோம், கடல் கண்ணில் பட்டதும் வெக்கையும் கூடவே வந்தது.

அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், பொலிஸ் 119. மலை இடுக்குகளில் சிக்னல் விழும், வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: நாங்கள் போனது 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்கு முன். அதில் பதுளை மாவட்டம் மண்சரிவால் கடுமையாக அடிபட்டது. வீதி பற்றி நான் எழுதியதை இன்றைய நிலையாக எடுக்காமல், அந்தப் பாதையில் ஓடுகிற பஸ்காரரையோ மீன் வண்டிக்காரரையோ முதல் நாள் விசாரியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கிற மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது கராச்காரர் வீடியோவைப் பார்க்கவே இல்லை. டயரைத் தடவிப் பார்த்து, ஒட்டின இடத்தைக் கண்டுபிடித்து, “நல்லா ஒட்டியிருக்கான்” என்று ஈட்டுக் காசை எண்ணித் தந்தார். மச்சான் அப்போதே அடுத்த பாதையைச் சொல்லத் தொடங்கிவிட்டான்: அம்பாறையிலிருந்து உகணை, மகா ஓயா, மகியங்கனை, 18 வளைவால் கண்டி. போகலாம். அதற்கு முதல் அவன் தன் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியான கதை தெரிந்ததால்தான் இந்த முறை முழுத் தூரமும் அவன் பின்னால் இருந்து தோடம்பழம் உரித்தான்.