டிரையர் குழாய்: நாமே சுத்தம் செய்வதா, ஆள் வைத்துச் செய்வதா?

துணி உலர்த்தும் மெஷினான எங்கள் டிரையரில் 45 நிமிடத்தில் காய்ந்துகொண்டிருந்த துணி ஒரு மணி நேரம் எடுத்தது. அப்புறம் ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் இரண்டு சுற்று ஓட்டினாலும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டியில் ஈரம் நின்றது. மெஷினுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து, புதிது வாங்க விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டோம். கோளாறு மெஷினில் இல்லை. அதன் பின்னாலிருந்து சுவருக்குள் போகும் குழாயில் இருந்தது. அந்தக் குழாயை மூன்று வருடம் நானே சுத்தம் செய்தேன். கடந்த இரண்டு வருடமாக ஆள் வைத்துச் செய்கிறேன். இரண்டு வழியிலும் போய்ப் பார்த்த பிறகு நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழாய் குட்டையாகவும் நேராகவும் இருந்தால் நீங்களே செய்யுங்கள், நீளமாகவும் வளைவுகளோடும் இருந்தால் வருடம் ஒருமுறை ஆள் வையுங்கள்.

சுத்தம் ஏன் அவசியம் என்பது பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். டிரையர் சூடான காற்றைத் துணிகளுக்கு இடையே செலுத்தி, ஈரத்தோடு சேர்த்து வெளியே தள்ளுகிறது. துணியிலிருந்து உதிரும் பஞ்சில் பெரும்பகுதியை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். மீதி ஈரக் காற்றோடு குழாய்க்குள் போய், வளைவிலும் இணைப்பிலும் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பஞ்சு எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான காலத்தை வைத்துக் கணக்கிட்டபோது, அந்த நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள் நடந்திருந்தன. அவற்றால் ஆண்டுக்கு 5 பேர் இறந்தார்கள், 100 பேர் காயமடைந்தார்கள். காரணங்களில் முதலிடத்தில் இருந்தது சுத்தம் செய்யாமல் விட்டதுதான், 34 சதவீதம். கேஸ் டிரையர் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. குழாய் அடைத்தால் எரிந்த வாயு வெளியேற வழியில்லாமல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

சரி, நாமே செய்வது எப்படி இருக்கும்? ஒன்றோடொன்று முறுக்கி நீட்டிக்கொள்ளும் நெகிழ்வான கம்பிகளும், முனையில் ஒரு வட்டப் பிரஷும் கொண்ட செட் கிடைக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, மெஷினை முன்னால் இழுத்து, பின்பக்கக் குழாயைக் கழற்றி, கம்பியை ட்ரில்லில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே உள்ளே விட வேண்டும். ட்ரில் எப்போதும் கடிகாரத் திசையில்தான் சுற்ற வேண்டும். மறந்துபோய் எதிர்த்திசையில் சுற்றினால் கம்பிகளின் மரை கழன்று, பிரஷ் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு இணைப்பிலும் டேப் சுற்றிக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு மாட்டிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். ஒருமுறை வாங்கிய செட் பல வருடம் வரும், யாருடைய நேரத்துக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த நன்மைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

முதல் இரண்டு வருடம் இது ஒழுங்காகவே நடந்தது. ஒவ்வொரு முறையும் கை நிறையப் பஞ்சு வரும், மனசு நிறைந்துவிடும். மூன்றாவது வருடமும் அதே அளவு பஞ்சு வந்தது. ஆனால் துணி காயும் நேரம் குறையவில்லை. இரண்டு வாரம் சற்றுப் பரவாயில்லை, பிறகு பழையபடி. ஒருநாள் மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது, சூடு மட்டும் வரவில்லை. அளவு மீறிச் சூடானால் அறுந்துவிடும்படி உள்ளே ஒரு வெப்ப ஃபியூஸ் வைத்திருப்பார்கள், அது போயிருந்தது. மாற்றிக் கொடுத்த மெக்கானிக்தான், “ஃபியூஸ் சும்மா போகாதுங்க, காத்து போற வழிய பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் குழாய் சுத்தம் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவரை அழைத்தோம். அவர் வந்ததும் பிரஷை எடுக்கவில்லை. முதலில் வீட்டுக்கு வெளியே போய், டிரையரை ஓடவிட்டு, குழாய் முடியும் இடத்தில் காற்றின் வேகத்தை ஒரு சிறிய மானியால் அளந்தார். நொடிக்கு 3 மீட்டர். பிறகு இரண்டு முனையிலிருந்தும் வேலை செய்தார். நடுவில் ஓர் இணைப்பில் பிரஷ் தடுக்கவே, சிறிய கேமராவை உள்ளே விட்டு எனக்கும் காட்டினார். குழாயைப் பொருத்தியவர்கள் போட்டிருந்த திருகு ஒன்று உட்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, அதைச் சுற்றிப் பஞ்சு கூடுபோல் இறுகிக் கிடந்தது. அதன் நடுவே, சரியாக என் பிரஷின் அளவுக்கு, ஒரு துளை.

“நீங்க செஞ்சது தப்பில்லைங்க” என்றார். “பிரஷ் பஞ்சுல ஒரு ஓட்ட போட்டுட்டு அந்தப் பக்கம் போயிருக்கு. போனதும் சுத்தமாயிடுச்சுன்னு நெனச்சிருக்கீங்க.”

வெளி முனையில் பறவை நுழையாமல் இருக்க யாரோ கம்பிவலை வைத்திருந்தார்கள். அந்த வலையிலும் பஞ்சு ஒரு கம்பளம்போல் படிந்திருந்தது. வலையை எடுத்துவிட்டு, தானாகத் திறந்து மூடும் மடல் மட்டும் வைத்தார். திருகை நீக்கி, இணைப்பை உலோக நாடாவால் சுற்றினார். மீண்டும் அளந்தபோது நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அன்று மாலை போட்ட லோடு 45 நிமிடத்தில் காய்ந்தது.

என் தீர்ப்பு இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது: வேலை முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிரஷ், ட்ரில், உழைப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் வெளியே வந்த பஞ்சை வைத்து முடிவு செய்தேன். அவர் குழாய் வழியே வெளிவரும் காற்றை வைத்து முடிவு செய்தார். வெளியே வந்தது எவ்வளவு என்பது, உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. மூன்று வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்தது தவறான அளவுகோலை.

குழாயின் அமைப்பும் இதில் சேரும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐஆர்சி என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, டிரையர் குழாய் பொதுவாக அதிகபட்சம் 35 அடிதான் போகலாம் என்கிறது. குறுகலாகத் திரும்பும் ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் அதிலிருந்து 5 அடியைக் கழித்துக்கொள்ள வேண்டும். காற்றைப் பொறுத்தவரை ஒரு வளைவு என்பது ஐந்தடிக் குழாய்க்குச் சமம். எங்கள் வீட்டுக் குழாய் சுவரில் ஏறி, கூரைக்கு அடியில் ஓடி, பக்கவாட்டில் திரும்பி வெளியே வருகிறது. நீளம் 19 அடி, வளைவு மூன்று. 35-இல் 15 போனால் மிச்சம் 20. அதாவது முழுக்கச் சுத்தமாக இருக்கும்போதே எங்கள் குழாய் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் பஞ்சு சேர்ந்தாலும் உடனே தெரிந்துவிடும். அதே விதித்தொகுப்பு, திருகு குழாய்க்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது, வெளி முனையில் வலை வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எங்கள் வீட்டில் இரண்டும் மீறப்பட்டிருந்தன. இது எனக்குத் தெரியாமலே மூன்று வருடம் பிரஷ் விட்டுக்கொண்டிருந்தேன்.

மானி ஒன்றை நாமே வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வாங்கலாம், நானும் பிறகு வாங்கினேன். பயன்படுத்தவும் எளிது. நாமே செய்வதற்கும் ஆள் வைப்பதற்கும் உள்ள இடைவெளியில் பாதியை அது அடைத்துவிடும். ஆனால் எண் ஏறவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது? எந்த இணைப்பு, எந்த வளைவு என்று கண்டுபிடிக்க கேமரா வேண்டும், சுவருக்குள் இருக்கும் இணைப்பைக் கழற்றிப் பூட்டும் பழக்கம் வேண்டும். நெகிழ்வான கம்பி இரண்டு வளைவைத் தாண்டிய பிறகு பிரஷ் குழாயின் ஒரு பக்கத்தை மட்டும் உரசிக்கொண்டு போகும். அதைக் கையால் உணர்ந்து சரிசெய்வது அனுபவத்தில்தான் வருகிறது. என்னால் அது முடியவில்லை.

ஆள் வைப்பதிலும் ஏமாற்றம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இவருக்கு முன்னால் வேறொருவரை அழைத்திருந்தோம். வெளி முனையிலிருந்து காற்றடிக்கும் கருவியை 20 நிமிடம் பிடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் கிளப்பிய பஞ்சில் பாதி டிரையருக்குள்ளேயே திரும்பி வந்திருந்தது. எனவே அழைக்கும்போதே கேளுங்கள்: மெஷினை நகர்த்தி, பின்பக்கத்திலிருந்தும் செய்வீர்களா? முன்னும் பின்னும் காற்றை அளந்து காட்டுவீர்களா? தடை இருந்தால் கேமராவில் பார்க்க முடியுமா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரைக் கூப்பிடுங்கள். கேஸ் டிரையர் என்றால் மெஷினை நகர்த்துவதைக்கூடத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதுதான் சரி.

யாரை வைத்துச் செய்தாலும் சில வேலைகள் நம்முடையவைதான். ஒவ்வொரு லோடுக்கும் ஃபில்டரைச் சுத்தம் செய்வது அதில் முதலாவது. துணி மென்மைக்காகப் போடும் தாள்களைப் பயன்படுத்துகிறவர்கள், ஃபில்டர் வலைமேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இறங்காமல் தேங்கினால் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் அடைத்திருக்கிறது. சோப்பும் பழைய டூத்பிரஷும் போதும், கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். மாதம் ஒருமுறை, டிரையர் ஓடும்போது வெளியே போய் மடல் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். மெஷினையும் சுவரையும் இணைக்கும் நெளிவுக் குழாயைக் கட்டாயம் கவனியுங்கள். மெஷினைப் பின்னால் தள்ளும்போது அது நசுங்கிவிட்டால், உள்ளே எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். அது தீப்பிடிக்கக் கூடியது, அதன் மடிப்புகளில் பஞ்சும் எளிதில் தங்கும். முடிந்த இடத்தில் எல்லாம் உட்புறம் வழுவழுப்பான, கெட்டியான உலோகக் குழாய்தான் நல்லது.

மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் சொல்கிறார்கள்: குழாயே தேவைப்படாத ஹீட் பம்ப் டிரையருக்கு மாறிவிடுவது. அக்கா வீட்டில் மூன்று வாரம் பயன்படுத்திய அனுபவம் மட்டும்தான் எனக்கு உண்டு, அதை வைத்துப் பெரிய தீர்ப்பு சொல்ல மாட்டேன். சூடான காற்றை வெளியே விடாமல், ஈரத்தைத் தண்ணீராகப் பிரித்துவிட்டு அதே காற்றைத் திரும்பச் சுற்றவிடுகிறது. வெப்பம் குறைவு, மின்சாரம் மிச்சம், துணிக்கும் நல்லது. ஆனால் காய அதிக நேரம் பிடிக்கிறது. பஞ்சுத் தொல்லை முழுக்கத் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. இரண்டு அடுக்கு ஃபில்டரையும் தாண்டி உள்ளே இருக்கும் வெப்ப மாற்றித் தகடுகளில் பஞ்சு படியத்தான் செய்கிறது. சில மாடல்களில் அதைத் திறந்து துடைக்க முடியும், சிலவற்றில் பழுதுபார்ப்பவர் வந்தால்தான் முடியும். குழாய் பதிக்கவே வழியில்லாத வீட்டுக்கு அதுதான் பொருத்தம். ஐந்தாறு வருடம் ஓடிய பிறகு எப்படியிருக்கும் என்று அக்கா சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றால், வருடம் ஒன்று எங்களுக்குச் சரியாக இருக்கிறது. நாய், பூனை வளர்க்கும் வீடு, தினம் இரண்டு லோடு ஓடும் வீடு என்றால் ஆறு மாதம். இடையில் துணி காயும் நேரம் கூடினாலோ, மெஷினின் மேல்பக்கம் தொட முடியாத அளவு சுட்டாலோ, துவைக்கும் அறையில் புழுக்கம் தெரிந்தாலோ காலண்டரைப் பார்க்காமல் அழைத்துவிடுங்கள். எங்கள் டிரையரின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். சுத்தம் செய்த தேதியும் அன்றைய காற்று வேகமும் அதில் இருக்கும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே மானியை எடுத்துப்போய் அளந்து, அதே சீட்டில் அடுத்த வரியில் எழுதிவைக்கிறேன். கடைசியாக எழுதியது நொடிக்கு 7 மீட்டர். 6-க்கு இறங்கினால், வருடம் முடியாவிட்டாலும் அவரைக் கூப்பிடுவோம்.