ஸ்ரீஹரிகோட்டாவைச் சுற்றிப் பறக்க: காகித வரைபடமா, டேப்லெட்டா, வானொலிக் குரலா?

சென்னையிலிருந்து ஒரு நான்கிருக்கை விமானம் நெல்லூர்ப் பக்கம் போக வேண்டுமென்றால், கண்ணுக்கு எளிதான வழி கடற்கரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போவதுதான். எண்ணூர் கழியும், பழவேற்காடு ஏரி வரும். அதே கரை அடுத்ததாகக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் பறக்கத் தடையுள்ள ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளங்களின் தலைக்கு மேல். இதைத் தவிர்க்க மேற்கே ஒதுங்கி அரக்கோணம்–ரேணிகுண்டா ரயில் பாதையைப் பிடிக்கலாமென்றால், அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம் இருக்கிறது. சூலூர்பேட்டையில் குடியிருந்து, ராக்கெட் கிளம்பும் நாளில் ஜன்னல் கண்ணாடி அதிர்வதைக் கேட்டுப் பழகிய எனக்கு, இந்த இரண்டுக்கும் நடுவே சிறு விமானி எதை நம்பி வழி வகுக்கிறார் என்பது வெறும் ஏட்டுக் கேள்வியாகத் தோன்றவில்லை.

காகித வரைபடத்தில் வழியைப் பென்சிலால் கோடு போடுவது பழைய முறை. தடைப்பகுதி எங்கே என்பதை அது காட்டிவிடும். ஆனால் பறந்துகொண்டிருக்கும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைக் காட்டாது. ஒரு பாகை திசை பிசகினால் 60 கடல் மைலில் ஒரு கடல் மைல் விலகிவிடுவோம் என்பது விமானிகளின் மனக்கணக்கு. மணிக்கு 110 கடல் மைல் வேகத்தில் போகும் விமானத்தை, பக்கவாட்டில் 10 கடல் மைல் வேகத்தில் அடிக்கும் காற்று ஐந்து பாகைக்குச் சற்று மேல் தள்ளும். 40 கடல் மைல் கடப்பதற்குள் அது 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விலகலாகிவிடும். ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று தள்ளும் திசை கிழக்கு, அதாவது ஏவுதளம் இருக்கும் பக்கம். ஐப்பசிக்குப் பின் வரும் வாடை தரைப்பக்கம் தள்ளுவதால், அதே பிழை செய்தவர் பிழைத்துக்கொள்வார்.

விமானம் இருக்கும் இடத்தைத் திரை வரைபடத்திலேயே காட்டும் டேப்லெட் இந்தக் குறையை அநேகமாக முழுதும் தீர்த்துவிடுகிறது. 2005 மே மாதம் பென்சில்வேனியாவிலிருந்து வட கரோலினாவுக்குக் கிளம்பிய ஒரு செஸ்னா 150, வாஷிங்டனின் தடை வளையத்துக்குள் புகுந்தது. போர் விமானங்கள் எச்சரிக்கைச் சுடர்களை வீச, வெள்ளை மாளிகையிலும் நாடாளுமன்றத்திலும் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த வளையம் அன்று காலை புதிதாகப் போட்டதல்ல. இன்றைய செயலி ஒன்று அந்த விமானத்தில் இருந்திருந்தால், வளையத்தின் எல்லையை நெருங்கும்போதே திரையில் சிவப்பு காட்டிக் கத்தியிருக்கும்.

ஆனாலும் டேப்லெட்டுக்கே முழு மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தடைப்பகுதி எங்கே என்பதைவிட, அது எப்போது விரிகிறது என்பதில்தான் இந்தக் கரையின் சிக்கல் இருக்கிறது. செயலியின் அடிப்படைத் தரவு 28 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது. ராக்கெட்டுக்காக விரியும் அபாயப் பகுதியோ நோட்டாம் என்ற, விமானிகளுக்கான அறிவிப்பில்தான் வரும். செயலி அதை இறக்கிக் காட்டினாலும் இணையம் கிடைத்த கடைசி நேரத்து நிலைமைதான் திரையில் நிற்கும். அதோடு நோட்டாமின் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். சந்திரயான்-2 முதலில் கிளம்பவிருந்தது 2019 ஜூலை 15 அதிகாலை 2.51-க்கு, பொது நேரத்தில் அது ஜூலை 14, இரவு 9.21. நேரம் மட்டுமல்ல, தேதியே மாறுகிறது. அந்த ஏவுதல் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்தப்பட்டு, ஜூலை 22 பிற்பகல் 2.43-க்குத்தான் நடந்தது. முந்தைய வாரத்து அறிவிப்பைத் திரையில் வைத்துக்கொண்டு இரண்டாவது நாளில் பறப்பவரை எந்த வண்ணக் கோடு காப்பாற்றும்? பழவேற்காட்டு மீனவர்கள் ஏவுதல் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் தேதி தள்ளிப்போனால் அவர்களுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் அவர்கள் பல விமானிகளைவிடத் தெளிவானவர்கள்.

இன்னொரு சின்னக் குறையும் உண்டு. ஐபேட் போன்ற கருவிகள் 35 டிகிரி வெப்பம் வரைக்கும் என்றே செய்யப்பட்டவை. சித்திரை வெயிலில் விமானத்தின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் சூடேறி அணைந்துபோகும்.

மூன்றாவது வழி, தரையிலிருக்கும் விமானக் கட்டுப்பாட்டு அதிகாரி வானொலியில் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை. இந்தியாவில் புறப்படும் முன்பே வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டியிருப்பதால் இந்த நம்பிக்கை இங்கே இன்னும் வலுவாக இருக்கிறது. ஆனால் அந்த எண் நீங்கள் எழுதிக் கொடுத்த வழிக்குத்தான், காற்று தள்ளிக்கொண்டு போன வழிக்கு அல்ல. நகரி, புத்தூர் மலைகளை ஒட்டித் தாழப் பறப்பவரை ரேடார் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. இதைத் துணை என்று ஏற்கலாம். திட்டம் என்று ஏற்க மாட்டேன்.

என் தேர்வு, திட்டமிட காகிதம், பறக்க டேப்லெட். முந்தைய மாலை நோட்டாமில் உள்ள அபாயப் பகுதியின் எல்லைப் புள்ளிகளைத் தன் கையாலேயே வரைபடத்தில் குறித்து, பக்கத்தில் இந்திய நேரத்தையும் தேதியையும் எழுதியவருக்கு அந்தப் பகுதி மனத்தில் பதிந்துவிடும். விரலால் திரையைத் தள்ளியவருக்குப் பதிவது அரிது. காலையில் கிளம்பும் முன் அந்த அறிவிப்பு இன்னும் நிற்கிறதா என்று ஒரு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டு, அதன் பிறகு டேப்லெட்டை முழங்காலில் கட்டிக்கொள்ளட்டும்.