அடிபட்ட நாட்டு மீன்: பெரிய தொட்டியா, தனித் தொட்டியா?

வலையில் சிக்கிச் செதில் உரிந்த, துடுப்பு கிழிந்த மீன் வீட்டுக்கு வந்தால் எங்கே விடுவது? செடிகளோடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெரிய தொட்டியிலா, அடியில் மணல்கூடப் போடாத தனித் தொட்டியிலா? அடிபட்டு வந்த கெண்டைக்கு நான் தனித் தொட்டிதான் வைத்தேன். அடுத்த மீனுக்கும் அதையேதான் செய்வேன்.

பெரிய தொட்டிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீர் நிலையாக இருக்கும், ஒளிய இடமும் இருக்கும். ஆனால் குளத்து மீனோடு நங்கூரப் புழு, மீன் பேன் போன்ற ஒட்டுண்ணிகளும் ஒட்டிக்கொண்டு வரலாம். காயத்தை மற்ற மீன்கள் கொத்தவும் செய்யும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது தண்ணீர்ப் பராமரிப்பு. சின்னத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா வேகமாக ஏறும். அது செவுளை அரிக்கும், காயம் ஆறாது. pH (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) கூடக்கூட அதன் நச்சும் கூடும். தனித் தொட்டியின் பெரிய பலவீனம் இதுதான். ஆனால் இதற்கு வழி இருக்கிறது. பெரிய தொட்டியில் 4 முதல் 6 வாரம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அப்படியே எடுத்துப் போட்டால், கழிவை உடைக்கும் பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும். பழகிய ஸ்பாஞ்ச் இல்லையென்றால் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா அளவைத் தினமும் பார்த்து, கால்வாசி முதல் பாதி வரை தண்ணீர் மாற்ற வேண்டும். வெறும் கண்ணாடித் தரையில் கழிவும் மிச்ச இரையும் பளிச்சென்று தெரியும். தண்ணீரோடு உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாயை வைத்தால் உடனே வந்துவிடும். மணலும் வேரும் நிறைந்த தொட்டியில் இப்படித் தினமும் செய்ய முடியாது.

உப்பு போடுவதும் இங்கேதான் எளிது. நன்னீர் மீனின் உடல் நீர் தொட்டித் தண்ணீரைவிட உப்பானது. செதில் போன இடம் வழியே தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் அயோடின் கலக்காத உப்பைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் அந்தச் சுமை குறையும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். உறிஞ்சி வெளியேற்றிய அளவுக்கு மட்டும் புதிதாக உப்பு சேர்க்க வேண்டும். பெரிய தொட்டியில் இதே உப்பைப் போட்டால் செடிகள் வாடிவிடும். கெளுத்தி போன்ற செதிலில்லா மீன்களில் எனக்கு அனுபவம் குறைவு. அவற்றுக்குக் குறைந்த அளவிலேயே நின்றுகொள்வேன்.

காயத்தில் பஞ்சு போல் பூஞ்சை படர்ந்தால் மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து உதவும். ஆனால் அது ஃபில்டர் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அதனால் ஸ்பாஞ்சை வெளியே எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். அத்தனை நாளும் தண்ணீர் மாற்றுவது இரட்டிப்பாகும்.

வெறும் தொட்டியில் மீன் மிரளும், அது உண்மை. மூன்று பக்கமும் கருப்புத் தாள் ஒட்டி, உள்ளே ஒரு பிவிசி குழாய்த் துண்டு போட்டால் அடங்கிவிடும். விரால், பனையேறி என்றால் மூடி கட்டாயம். அவை மேலே வந்து காற்றைக் குடிக்கும், அதனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும்.

கிழிந்த துடுப்பின் ஓரத்தில் நிறமில்லாத மெல்லிய சவ்வு வளர்ந்தால் குணமாகிறது என்று பொருள். அதற்குப் பிறகும் ஒட்டுண்ணி ஏதும் தெரிகிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டே பெரிய தொட்டிக்கு மாற்றுவேன்.