ஜாம் ஆனால் எதை உடைய விடுவது? ஷியர் பின், டார்க் (முறுக்குவிசை) லிமிட்டர், கரண்ட் ரிலே

ஸ்டார்ட்டரில்தான் ஓவர்லோடு ரிலே இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அது காப்பது மோட்டாரின் சுருளை. கியரையும் ஷாஃப்டையும் அல்ல. ஸ்டார்ட்டரில் இருக்கும் கிளாஸ் 10 வகைத் தெர்மல் ஓவர்லோடு ரிலே, செட் செய்த கரண்டைவிட 7.2 மடங்கு ஓடினாலும், குளிர்ந்த நிலையில் டிரிப் ஆக 4 முதல் 10 விநாடி எடுத்துக்கொள்ளலாம். ஸ்க்ரூ கன்வேயரில் ஒரு இரும்புத் துண்டு சிக்கினால் அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்க மாட்டார்கள், ஷாஃப்ட் உட்பட.

கணக்கைப் பாருங்கள். 5.5 கிலோவாட், 1440 ஆர்பிஎம் மோட்டார் தரும் முறுக்குவிசை சுமார் 36 நியூட்டன் மீட்டர். 40:1 கியர்பாக்ஸைத் தாண்டினால், இழப்பைக் கழிக்காமல், ஏறக்குறைய 1,450. மோட்டார் நிற்பதற்கு முன் பெரும்பாலும் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தள்ளிப் பார்க்கும். இது போக, சுழலும் ரோட்டரின் நிலைமம் வெளி ஷாஃப்டிலிருந்து பார்த்தால் 40-இன் வர்க்கமாக, 1,600 மடங்காகத் தெரியும். கரண்டை அந்த நொடியே வெட்டினாலும் ரோட்டரின் வேகம் எங்காவது இறங்கியாக வேண்டும். அதனால் திடீரென இறுகும் ஜாமுக்கு, கியர்பாக்ஸுக்கு அப்பால், சிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மெக்கானிக்கலான ஒன்று இருந்தே தீர வேண்டும்.

அதில் மலிவானது ஷியர் பின்: ஷாஃப்டையும் அதன் மேல் உள்ள ஹப்பையும் (சக்கரக் குடம்) இணைக்கும், முறுக்கு மீறினால் உடைந்துவிடும் சிறு ஊசி. எப்போதாவது ஜாம் ஆகும் இயந்திரத்துக்கு நல்ல தேர்வுதான். ஆனால் அடிக்கடி ஸ்டார்ட், ஸ்டாப் செய்தால் பின் களைத்துப்போய், ஓவர்லோடே இல்லாமல் உடையும். அப்புறம் நடப்பது தெரிந்ததே: நைட் ஷிஃப்டில் கையில் கிடைத்த 12.9 போல்ட், அதாவது எளிதில் உடையாத உயர்வலிமை போல்ட், பின்னுக்குப் பதிலாக உள்ளே போகும். அன்றோடு பாதுகாப்பு முடிந்தது. இன்னொன்று, ஹப்புக்குக் கிரீஸ் போடாமல் துருப்பிடிக்க விட்டால், பின் உடைந்தும் ஹப் கழன்று சுற்றாது.

அடுத்தது டார்க் லிமிட்டர். அதில் உராய்வுத் தட்டு வகை, முறுக்கு மீறினால் வழுக்கிவிட்டுத் தானே மறுபடி பிடித்துக்கொள்ளும்; நொடிப்பொழுதில் வந்து போகும் அதிர்ச்சிக்கு ஏற்றது. எண்ணெய் பட்டாலோ தட்டு தேய்ந்தாலோ அது வழுக்கும் முறுக்கின் அளவு மாறிவிடும். வழுக்கிக்கொண்டே இருந்தால் சூடேறித் தட்டு கருகும், எனவே சுழற்சி குறைவதைக் கண்டுபிடிக்கும் சென்சார் கட்டாயம்.

பால் டிடென்ட் (குழிகளில் அமர்ந்த குண்டுகள் மூலம் இணைக்கும்) வகை லிமிட்டர் விலை கூடுதல். குழியிலிருந்து குண்டுகள் வெளியேறியதும் இணைப்பு சட்டென விடுபடும், சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். ஒரே நிலையில் மட்டும் மறுபடி பூட்டும் மாடலும் உண்டு என்பதால், டைமிங் தவறக்கூடாத பேக்கிங் இயந்திரத்துக்கு நான் இதைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

சரி, மோட்டாரின் கரண்ட் அளவு மீறினால் அதை நிறுத்தும் எலக்ட்ரானிக் கரண்ட் ரிலே வீணா? இல்லை. மெல்ல மெல்ல ஏறும் சுமைக்கு, உதாரணமாகக் கன்வேயரில் பொருள் சேர்ந்துகொண்டே போகும்போது, அதுதான் முந்திக்கொண்டு எச்சரிக்கும். ஸ்டார்ட்டிங் கரண்டைக் கண்டுகொள்ளாதிருக்க ஒரு தாமதம் மட்டும் செட் செய்ய வேண்டும். பாதிச் சுமைக்குக் கீழே ஓடும் மோட்டாரில் கரண்ட் அவ்வளவாக அசையாது. அங்கே கிலோவாட்டை அளக்கும் ரிலே வாங்குங்கள்.

பளுவைத் தூக்கும் இயந்திரம் மட்டும் தனிக் கதை. முழுதாகக் கழன்றுவிடும் லிமிட்டரை அங்கே போட்டால் பளு கீழே விழும். போட்டே ஆக வேண்டுமானால், லிமிட்டருக்கு அப்பால், பளுவின் பக்கத்திலேயே ஒரு பிரேக் வேண்டும்.